அம்மாவின் தாடை – கடிதம்

*வணக்கம். அம்மாவுக்கு 53 வயது. மாடிப்படியில் விழுந்து கீழ்த்தாடை முறிந்து, டைட்டானியம் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரமாகிறது, இன்னும் வலி இருக்கிறது. ஹார்மோன் குறைந்தால் முறிந்த எலும்பு ஒன்று சேராது என்று படித்தேன். ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாமா? பிரண்டை சூப் உதவுமா? பத்து வருடம் முன்பு அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என நினைக்கிறேன்.*
*எஸ்., கரூர்*

அன்புள்ள எஸ்.,

கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். சம்பந்தம் இருக்காது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளையும் சேர்த்தா? உங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கும் தெரியாது. பைக்குக்கு எப்போது ஆயில் மாற்றினோம் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே அசட்டுத்தனம் எங்கள் வீட்டிலும் நடந்தது.

என் பெரியம்மாவுக்குத் தாடை முறிந்தபோது தகடெல்லாம் வைக்கவில்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். ஆறு வாரம் கஞ்சியும் மோரும்தான், அதுவும் உறிஞ்சுகுழலில். வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று ஒரு கட்டரைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கயிற்றில் கோத்துக் கட்டில்காலில் மாட்டியிருந்தார் பெரியப்பா. பேச முடியாது, அதனால் என் பழைய சிலேட்டு. அதில் அவர் பெரும்பாலும் எழுதியது ‘உப்பு’ என்ற ஒரே சொல்.

மறுபரிசோதனையில் டாக்டர், “மாதவிடாய் எப்போது நின்றது?” என்று கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டு, “அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு டாக்டர்” என்றார். பெரியம்மா சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதி டாக்டர் பக்கமாகத் திருப்பினார்: ‘37 வயசு. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.’ அவர் வாழ்க்கையில் முதல்முறையாக எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். எலும்பில் அரிக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கிறவற்றுக்குக் கடிவாளம், சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வை இந்த ஹார்மோனோடு சேர்த்துப் பார்த்தது 1940களின் தொடக்கத்தில். இயல்பாக நிற்கும்போது ஹார்மோன் சில வருடங்களில் மெல்லக் குறையும். சினைப்பைகளை எடுத்துவிட்டால் சில நாட்களிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிடும். சினைப்பை நீக்கிய எலிகளில் முறிந்த எலும்பு தாமதமாகக் கூடுவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்ற தகவல்தான் உங்கள் அம்மாவின் டாக்டருக்கு வேண்டும், கூகுளில் நீங்கள் படித்தது அல்ல.

அதற்காக நீங்களாகவே ஹார்மோன் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். இன்னொரு ஹார்மோன் கதை சுவாரஸ்யமானது. கழுத்தில் தைராய்டை ஒட்டிய குட்டிச் சுரப்பிகளில் வரும் பாராதைராய்டு ஹார்மோன் எப்போதும் அதிகமாகச் சுரந்தால் எலும்பைக் கரைக்கும். அதன் ஒரு துண்டான டெரிபராடைடைத் தினம் ஒரு ஊசியாகக் கொஞ்சமாகப் போட்டால் எலும்பைக் கட்டும்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல் ஈறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 40 பேரில் ஒரு பாதிக்கு இந்த ஊசியும் மறுபாதிக்கு மருந்தில்லாத ஊசியும் ஆறு வாரம் போட்டு, ஒரு வருடம் பார்த்தார்கள், 2010ல் முடிவு வெளியானது. டெரிபராடைடு போட்டவர்களுக்குத் தாடை எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. ஆனால் அது டாக்டர் தீர்மானிக்க வேண்டிய ஊசி.

பிரண்டை? துவையல் அரைத்துச் சாப்பிடட்டும், வாய் திறந்த பிறகு. சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் டாக்டரே பார்ப்பார். மூன்றாவது வாரத்தில் வலி இருப்பது பெரிய அதிசயமில்லை. வலி கூடினால், சீழோ காய்ச்சலோ வந்தால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துவது மாறினால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

அப்புறம் ஒன்று. எலும்பு தேய்வதற்கென்று வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் ஏதாவது மாத்திரை போடுகிறாரா? அந்த வகை மருந்துகளோடு தாடை எலும்பு அழுகுவதற்குத் தொடர்பிருப்பதை 2003ல் அமெரிக்காவில் ஒரு தாடை அறுவை நிபுணர் 36 நோயாளிகளை வைத்துச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக ஊசியாகப் போட்டவர்கள். வார மாத்திரையில் அபாயம் மிகக் குறைவு, பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஆனால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பத்து வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே. அம்மாவிடமே கேளுங்கள். பேச முடியவில்லையென்றால் பேப்பரும் பேனாவும் கொடுங்கள்.