சால்வை வேண்டாம் என்கிறார் பெரியம்மா

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் நான் கமிட்டிச் செயலாளர். அடுத்த மாதம் எங்கள் கோயிலை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. சபைக்காக உழைக்கும் பெண்களுக்கு இந்த ஆண்டு சால்வை போர்த்தி, கேடயம் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். ஊரே பெரியம்மா என்று கூப்பிடும் ஒருவரின் பெயரைத்தான் முதலில் எழுதினோம். திருவிருந்தில் (நற்கருணையில்) விரிக்கும் துணிகளைத் துவைப்பது, பாத்திரம் துலக்குவது, துக்க வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது எல்லாம் பல வருடங்களாக அவர்தான். விஷயத்தைச் சொன்னதும், 'ஆண்டவருக்குச் செஞ்சதுக்கு எனக்கு எதுக்கு தம்பி சால்வை? வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக் கூடாது' என்று மறுத்துவிட்டார். 'அவங்களே வேண்டாங்கிறாங்க, விட்டுருவோம்' என்கிறார்கள் கமிட்டியில் சிலர். யாருக்குச் சால்வை, யாருக்கு இல்லை என்று பெண்களிடையே இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. பாராட்டுவதே தவறா? எப்படித்தான் பாராட்டுவது?

பதில்: அன்புள்ள தம்பி,

பாராட்ட நினைத்தது தவறே இல்லை. பெரியம்மா மறுத்ததைச் சாக்காக வைத்து விட்டுவிடலாம் என்கிறார்களே, அதுதான் தவறு. முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், தர்மம் செய்கிறவரைப் பார்த்து இயேசு சொன்னது அது. வாங்கிக்கொண்டவர் வாயைத் திறக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவரும் அவர்தான். பெரியம்மா அந்த வசனத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம், அது அவருடைய பக்தி. பயன்பெற்ற சபை அதே வசனத்தை எடுத்துவைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சரி, அவர் எதை மறுத்தார்? மேடையை மறுத்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் கோயிலின் பின்வாசல் வழியாக வந்து போனவருக்கு, மைக் முன்னால் நிற்பது கூச்சமாக இருக்கும். தன்னோடு சேர்ந்து உழைத்தவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் வாங்குவது சங்கடமாகவும் இருந்திருக்கும். ஆனால் நன்றியே வேண்டாம் என்று அவர் சொன்னதாக உங்கள் கடிதத்தில் நான் படிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று உங்கள் கமிட்டிக்குத் தெரியுமா? துணி துவைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திருவிருந்து முடிந்து பாத்திரத்தைத் துடைத்த வெள்ளைத் துணியில் திராட்சரசக் கறை இருக்கும். காயவிட்டால் அது போகாது. ஆராதனை முடிந்து நாமெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது, பெரியம்மா அதைத் தண்ணீரில் அலசி ஊறப் போட்டிருப்பார். வீட்டுத் துணியோடு சேர்க்க மாட்டார்கள், அதற்கென்று தனி வாளி இருக்கும். மொறமொறவென்று காய்ந்துவிட்டால் சுருக்கம் நிமிராது என்பதால், லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பிறகு மூன்றாக மடித்து, திருப்பி இன்னொரு முறை மூன்றாக மடித்து, அடுத்த முறை ஐயர், அதாவது சபைப் போதகர், விரிக்கும்போது மடிப்பு நேராக விழும்படி வைக்க வேண்டும். சோப்பும் நீலமும் யார் காசு? கரண்டு யார் வீட்டுடையது? செயலாளர் என்ற முறையில் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது.

அதனால் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் வேலைகளின் பட்டியலை எடுங்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியாரைக் கேளுங்கள், ஐயரம்மாவைக் கேளுங்கள், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியைகளைக் கேளுங்கள். பிடியரிசி யார் வீடுகளிலிருந்து வருகிறது? என் அம்மா சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். காணிக்கைக் கணக்கில் அது எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று இருக்கும். எந்த அடுப்படியிலிருந்து வந்தது என்று இருக்காது. சபையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ராத்திரி துணைக்குப் போய்த் தரையில் பாய் விரித்துப் படுப்பது யார்? ஆண்கள் பார்வையாளர் நேரத்தில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் ஜெபித்துவிட்டு வருகிறோம் என்பார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்குத் தலைவாரிவிட்டு, துணி மாற்றிவிட்டு, டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கி வீட்டாருக்குச் சொல்வது வேறு வேலை. அதைச் செய்கிற பெண்ணுக்கு எந்தப் பதவியும் இருக்காது.

இப்படி வேலைகளை எழுதி, அதன் கீழே பெயர்களைப் போட்டால், இரண்டு விஷயம் நடக்கும். உங்களுக்கே தெரியாத பெயர்கள் மேலே வரும். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற பேச்சும் பெரும்பாலும் அடங்கிவிடும். வசதியான வீட்டுப் பெண்களுக்கும் கமிட்டியாரின் சொந்தக்காரர்களுக்கும்தான் சால்வை போகும் என்ற பயத்தில் வருகிற பேச்சு அது. அந்தப் பெண்கள் பொறாமையில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் பார்த்ததை வைத்துப் பேசுகிறார்கள்.

பாராட்டும் விதத்துக்கு வேதத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. ரோமர் பதினாறாம் அதிகாரத்தை ஆராதனையில் வாசிக்கும்போது வெறும் பெயர்ப் பட்டியல் என்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே நின்று பாருங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பவுல் ஒவ்வொருவராகச் சொல்கிறார். பெபேயாள் தனக்கும் அநேகருக்கும் ஆதரவாக இருந்தவர் என்கிறார். பிரிஸ்கில்லாளும் அவர் கணவர் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தார்கள் என்கிறார். ரூபுவின் அம்மாவைத் தனக்கும் அம்மா என்கிறார். சபைப் பெண்கள் அனைவருக்கும் வாழ்த்து என்று ஒரே வரியில் அவர் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை.

இன்னொன்று யோப்பா பட்டணத்துத் தபீத்தாள், நம் ஊர்ப் பிரசங்கங்களில் தொற்காள் என்று வருகிறவர். அவர் இறந்து கிடக்கிறார், பேதுரு வருகிறார். விதவைகள் அழுதபடி, அவர் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அங்கே தலைவர் யாரும் பேசவில்லை. வாங்கி உடுத்தியவர்களே பேசினார்கள், அதுவும் கையில் துணியை வைத்துக்கொண்டு. உங்கள் பண்டிகையில் செய்ய வேண்டியது இதுதான். கமிட்டித் தலைவர் 'நம் சபைத் தாய்மார்கள் தியாகச் சுடர்கள்' என்று பத்து நிமிடம் பேசுவதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர் வந்து, 'மூணு ராத்திரி இந்த அக்கா என் பக்கத்துல இருந்தாங்க' என்று சொல்லட்டும். அப்பா இறந்த வீட்டுப் பையன் சொல்லட்டும், அன்றைக்குக் காலையில் பிளாஸ்கில் காப்பியோடு வந்தது யார் என்று. ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பெண்கள் மேடைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை, இருந்த இடத்தில் இருக்கட்டும். பெரியம்மாவின் கூச்சத்துக்கும் இது சரிப்படும். யாருக்காவது சால்வை பிடிக்கும் என்றால் தாராளமாகப் போர்த்துங்கள். அதில் சந்தோஷப்படுகிறவரைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆனால் இதைத் தபீத்தாளுக்குச் செய்ததுபோல் இறந்த பிறகு செய்யாதீர்கள். நம் சபைகளில் அடக்க ஆராதனையில்தான் ஒரு பெண்ணின் உழைப்பு முதல்முறையாக வெளியே வருகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, 'அம்மா இதெல்லாம் செஞ்சாங்களா?' என்று திகைக்கிறார்கள்.

பண்டிகை என்றால் அசனமும், அதாவது சபையார் எல்லாருக்கும் போடும் விருந்தும், உண்டுதானே? முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் அவரவர் வீட்டு அரிவாள்மனையோடு வந்து பந்தலில் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாகப் பல்லாரி வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்குவார்கள். பந்தி நடக்கும்போது குழந்தைகளையும் வயதானவர்களையும் உட்காரவைத்துவிட்டு, தாங்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். கறி அநேகமாகத் தீர்ந்துபோய் குழம்புதான் இருக்கும். இந்த வருடம் காய் நறுக்குவதை வாலிபர் சங்கத்துப் பையன்கள் எடுத்துக்கொள்ளட்டும். முதல் பந்தியில் இந்தப் பெண்களை உட்காரவைத்து, கமிட்டியார் பரிமாறுங்கள். ஐயரும் ஒரு வாளியைத் தூக்கினால் இன்னும் நல்லது. கேடயம் செய்ய ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்று கேட்டால், கோயிலுக்குப் பின்னால் பாத்திரம் துலக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். குழாய் இருக்கிறதா? குனியாமல் நின்று கழுவ மேடை இருக்கிறதா? தலைக்கு மேல் ஒரு தகரக் கூரையாவது இருக்கிறதா?

நீங்கள் எழுதாத ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோயிலைப் பெருக்கித் துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண் வருவார் இல்லையா? அவருக்குப் பண்டிகைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். அவருடைய சம்பளம் கடைசியாக எப்போது கூடியது என்று கணக்கரைக் கேட்டு, அதைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். பெரியம்மா விருப்பத்தோடு காணிக்கையாகச் செய்கிறார். இவர் பிழைப்புக்காகச் செய்கிறார். இரண்டையும் ஊழியம் என்ற ஒரே பையில் போட்டுக் கூலியைக் குறைப்பது அநியாயம்.

நெல்லைச் சபையின் ஆரம்பத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். கணவரை இழந்த பிராமணப் பெண் குளோரிந்தா, 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் அவர் முன்நின்று கட்டிய சிறு கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆனது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். அதே ஊரில், நம் நாட்டுக்கே வராத சாராள் தக்கர் அம்மையாரின் பெயரில் கல்லூரி 1895 முதல் நடக்கிறது. கட்டியவர், பணம் சேர்த்தவர் பெயர்கள் நிலைத்துவிட்டன, நிலைக்க வேண்டியவைதான். குளோரிந்தா கட்டிய கோயிலில் முதல் வருடம் விளக்கேற்றியது யார், தண்ணீர் கொண்டுவந்தது யார் என்று நமக்குச் சொல்ல ஆளில்லை. உங்கள் சபையிலாவது இதை மாற்றலாம். நூற்றாண்டு மலர், பண்டிகை மலர் என்று போடும்போது ஐயர்மார் படமும் கமிட்டியார் படமும் வரிசையாக வரும். பெண்கள் சங்கத்துக்குக் கூட்டமாக ஒரு படம், கீழே பெயர்கூட இருக்காது. ஒவ்வொரு பெயரையும் போடுங்கள். இன்னாரின் மனைவி என்று எழுதாமல் அவரவர் பெயரையே போடுங்கள். பெரியம்மா பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்துப் பழைய கதைகளைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் ஞாபகத்தில் இருக்கிற பத்துப் பெண்களின் பெயராவது கிடைக்கும்.

அப்புறம் கமிட்டி. உங்கள் கடிதத்தில் 'தீர்மானம் போட்டோம்' என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? இருந்தவர்கள் பேசினார்களா? ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால், அடுப்பையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் விட்டுவிட்டு அவர்களால் வர முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வையுங்கள். 2013இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு (பல சபைகள் சேர்ந்த ஆட்சிப் பகுதி) புஷ்பலலிதா அம்மையார் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயரானார். ஒரு திருமண்டலத்தை ஒரு பெண் நடத்த முடியும் என்றால், உங்கள் கோயில் மராமத்துக் கணக்கை ஒரு பெண் பார்க்க முடியாதா? பணம் எங்கே போகிறது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் குரல் கேட்டால், அந்தப் பின்வாசல் குழாய்க்கு இன்னொரு பண்டிகைவரை காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் விசாரியுங்கள். முதல் திருவிருந்துக்கு ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேரை, ஒருவன் ஆண்பிள்ளையாக இருக்கட்டும், மாதாமாதம் அவரிடம் அனுப்பித் துணி துவைக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 'நான் போனா யாரு இதைச் செய்வா' என்ற கவலை இந்த வயதில் அவருக்கு நிச்சயம் இருக்கும். சோப்புக்கும் நீலத்துக்கும் கமிட்டிக் கணக்கில் ஒரு தலைப்புப் போட்டு, அவர் கேட்காமலே கொடுங்கள். வாங்க மறுத்தால் பணமாகத் தராமல் பொருளாக வாங்கிக் கோயில் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, இந்தப் பதிலைக் கமிட்டியில் படிப்பதற்கு முன் உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரிடம் காட்டுங்கள். எனக்கு உங்கள் ஊர் தெரியாது, அவருக்குத் தெரியும். இதெல்லாம் சரிவராது, வேறு மாதிரிச் செய்யலாம் என்று அவர் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.