செடிகள் வைத்த மீன் தொட்டியில் பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கண்ணாடியைச் சுரண்டி எடுத்தாலும் ஒரே வாரத்தில் பாசி திரும்பிவிடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது விளக்கைத்தான். பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுகிறீர்களா? அதை 6 மணி நேரமாகக் குறையுங்கள். ஒரு டைமர் போட்டுவிட்டால் நேரம் தவறாது. ஜன்னல் வெயில் தொட்டியில் நேராக விழவே கூடாது.

பலர் பாசிக்குப் பயந்து உரத்தை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு என்பேன். சத்தில்லாமல் செடி வாடினால் அழுகும் இலையில்தான் பாசி முதலில் பிடிக்கும். செடி செழித்து வளர்ந்தால் பாசிக்கு இடமிருக்காது. அதனால் ஹார்ன்வோர்ட் போல வேகமாக வளரும் செடிகளை ஆரம்பத்திலேயே நிறைய வையுங்கள், பழுத்த இலைகளை வெட்டிவிடுங்கள்.

செடி வளரத் தொட்டித் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு வாயு கொடுப்பவர்கள் அதன் அளவு ஒரு நாள் ஏறி, ஒரு நாள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாடி மயிர் போல அடர்ந்து வளரும் கறுப்புத் தாடிப் பாசிக்கு அந்த ஏற்ற இறக்கம் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மீனுக்கு உணவையும் குறைத்தே போடுங்கள். பாசியைத் தின்னும் அமானோ இறால், நெரைட் நத்தை இரண்டும் நல்ல துணை.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலத்துக்கு மட்டும் கவலை வேண்டாம், சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.