பழைய ஷிங்கிளைக் கழற்ற எந்தச் சவள்?

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜ், 20 அடிக்கு 20 அடி. கூரையை மூடியிருக்கும் ஷிங்கிள்கள், அதாவது மணல் ஒட்டிய தார் ஓடுகள், ஓரம் சுருண்டு, மணல் உதிர்ந்துவிட்டன. பழையதை நானும் மகனும் கழற்றிவிட்டு, புதியதை அடிக்க மட்டும் ஆளைப் பிடிக்கலாம் என்று எண்ணம். கடையில் பல் வைத்த சவள் ஒன்றைக் காட்டுகிறார்கள். தோட்டத்துச் சவளே போதும் என்கிறார் நண்பர். எதை நம்புவது?

பதில்: தோட்டத்துச் சவளாலும் கழற்றலாம். மறுநாள் காலையில் நிமிர்ந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்றால்!

கடைக்காரர் உங்களுக்குப் பல்லைக் காட்டியிருப்பார். நீங்கள் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். தகட்டின் அடியில், பிடி சேரும் இடத்துக்கு அருகே, ஆப்பு மாதிரி ஓர் இரும்புத் துண்டு இருக்க வேண்டும். குதிகால் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கருவிக்குக் கொடுக்கும் காசு அந்தக் குதிகாலுக்குத்தான். தகட்டை ஷிங்கிளுக்கு அடியில் செலுத்தினால், பற்களுக்கு நடுவே உள்ள பிளவு ஆணியின் கழுத்தைக் கவ்வும். பிடியைக் கீழே அமுக்கினால் குதிகால் அடியிலுள்ள கூரைப் பலகையில் ஊன்றி, ஆணி கிரீச்சென்று மேலே வரும். உங்கள் உடம்பின் பாரமே வேலையைச் செய்துவிடும். தோட்டத்துச் சவளில் ஊன்ற இடம் இல்லாததால் ஒவ்வொரு ஆணியையும் முதுகால் தூக்க வேண்டும். ஒரு ஷிங்கிளுக்கு நான்கு ஆணி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குதிகால் பற்றவைத்ததாக இருக்கட்டும். தகடு வளையாத கனமாக இருக்கட்டும். மற்றபடி விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை.

தொடங்க வேண்டிய இடம் முகடு. கீழிருந்து ஏறிப்போவதுதான் இயல்பு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரிசையின் ஆணியையும் அதற்கு மேல் வரிசை மூடியிருக்கிறது. கீழிருந்து வந்தால் மேல் வரிசையையும் சேர்த்து நெம்ப வேண்டியிருக்கும். முகட்டு மூடியை முதலில் எடுத்துவிட்டால் மேல் விளிம்பு வெளியே தெரியும். தகட்டை அடியிலுள்ள தார்த்தாளுக்கும் கீழே செலுத்தி, இரண்டையும் சேர்த்தே கிளப்புங்கள். கழன்றது தானாகச் சரிந்து கீழே போகும். நீங்கள் நிற்பது எப்போதும் துப்புரவாக்கிய பலகையில் இருக்கட்டும். கழன்று கிடக்கும் ஷிங்கிளில் கால் வைப்பதும் வாழைப்பழத் தோலில் கால் வைப்பதும் ஒன்றுதான்.

காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். வரிசைகளை ஒட்டிவைத்திருக்கும் தார்ப்பட்டை ஜூலை மாத நண்பகலில் இளகிவிடும். பிறகு ஷிங்கிள் தொதல் மாதிரி இழுபடும், துண்டு துண்டாகக் கிழியும், தகட்டிலும் அப்பிக்கொள்ளும்.

ஏறுவதற்கு முன் இறவாரத்தில் ஓரத்தைப் பார்த்து எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள். கூரை வேலை செய்யும் நாங்கள் 100 சதுர அடியை ஒரு ஸ்குவேர் என்போம். சாதாரண ஷிங்கிள் ஒரு ஸ்குவேருக்கு 200 முதல் 250 இறாத்தல் இருக்கும். இறவாரமும் சரிவும் சேர்ந்தால் உங்கள் கராஜ் ஏறக்குறைய 5 ஸ்குவேர். ஓர் அடுக்கே அரைத் தொன்னுக்கு மேல், இரண்டு அடுக்கு என்றால் ஒரு தொன்னைத் தாண்டிவிடும். குப்பைப் பெட்டி வாடகைக்கு எடுக்கும்போது உள்ளே போகப்போவது ஷிங்கிள் என்று சொல்லிவிடுங்கள். எடைக்கு வரம்பு உண்டு. அடியில் இருப்பது 1980களுக்கு முந்திய அடுக்கு என்று சந்தேகம் வந்தால் தொடாதீர்கள். அந்தக் காலத்துக் கூரைப் பொருள்கள் சிலவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும்.

எந்தச் சவள் என்பதைவிட, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது முக்கியம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் வந்த வேகத்திலேயே தகட்டைச் செலுத்தி, நல்ல நிலையில் இருந்த தகரத்தை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டேன். அதை மாற்றிய செலவு என் இரண்டு நாள் கூலி. பள்ளம், சுவர் ஓரத் தகரம், கூரையைத் துளைத்து வரும் குழாய் ஆகியவற்றுக்கு ஒரு முழம் முன்பே சவளைக் கீழே வைத்துவிட்டு, தட்டையான சின்ன அலவாங்கைக் கையில் எடுங்கள். பீலிக்கு மேலுள்ள கடைசி வரிசைக்கும் அதுவே. அங்கே பனிநீர் புகாமல் ஒட்டிய படலம் இருக்கலாம். அது மரத்தோடு ஒட்டிக்கிடந்தால் அதனோடு மல்லுக்கு நிற்காதீர்கள், கூரை அடிக்க வருபவர் முடிவு செய்யட்டும்.

சில ஆணிகள் ஷிங்கிளைத் துளைத்துக்கொண்டு பலகையிலேயே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் பிடுங்குங்கள், வராததை அடித்து இறக்குங்கள். தலை நீட்டும் ஆணி புதிய ஷிங்கிளைக் கீழிருந்தே துளைக்கும். பலகை கறுத்து மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தில் நிற்காமல் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள்.

ஒன்ராறியோவில் கட்டட வேலையாள் 3 மீற்றருக்கு மேலிருந்து விழக்கூடிய இடத்தில் தடுப்போ பாதுகாப்புக் கயிறோ கட்டாயம். சொந்தக் கராஜ் என்பதால் அந்த உயரம் குறைந்துவிடாது. உடம்பில் பூட்டும் பாதுகாப்பு வாரையும் கயிற்றையும் வாடகைக்கு எடுங்கள். சரிவில் கால் வழுக்குவதாகத் தோன்றினால் வேலையை ஆளிடமே விட்டுவிடுங்கள். கூரையில் நீங்கள் இருக்கும்போது மகன் சுவர் ஓரத்தில் நிற்க வேண்டாம். அன்றே தறப்பாளால் மூட முடிந்த அளவுக்கு மட்டும் கழற்றுங்கள். வேலை முடிந்ததும், சிதறிய ஆணிகளைப் பொறுக்க, உருளைக் காந்தத்தைப் புல்வெளியில் நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை மகனை உருட்டச் சொல்லுங்கள். கார் வந்து போகும் பாதையில் மூன்றாவது முறையும்.