சென்னைப் பலகைகளில் ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ விட்டுப்போவது பிழையா?

பெரும்பாலும் பிழை இல்லை. திருவல்லிக்கேணியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் ஒன்பது வருடம் டிசைன் வேலை பார்த்தவன் நான். போர்டு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது பேசினால் இன்னும் வருத்தமாக இருக்கும்.

‘நோ என்ட்ரி’, ‘வெட் ஃப்ளோர்’, ‘பிவேர் ஆஃப் டாக்’ எல்லாம் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இப்படி எழுதப்படுகின்றன. எந்தத் தரை, எந்த நாய் என்பதைப் பலகை நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது. நம் வீட்டு வாசல்களில் தொங்கும் ‘நோ பார்க்கிங் இன் ஃப்ரன்ட் ஆஃப் கேட்’டும் அந்த வகைதான். ‘தி கேட்’ என்று போட்டால் நல்லது, விட்டாலும் குற்றமில்லை. ‘ஏ கேட்’ என்று போட்டால்தான் சிக்கல். ஊரில் இருக்கிற ஏதோ ஒரு கேட் என்று பொருள் மாறிவிடும். ஆனால் முழு வாக்கியமாக எழுதும் நோட்டீஸில் இந்தச் சலுகை கிடையாது. அப்பார்ட்மென்ட் லிஃப்டில் ஒட்டும் நாலு வரி அறிவிப்பில் ‘தி’ விடுபட்டால் அது பிழையேதான்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். அடையாறு என்ற பகுதிக்கு ‘தி’ வராது, அடையாறு என்ற ஆற்றுக்கு வரும். கூவத்துக்கும் அப்படியே.

நான் உண்மையில் தடுமாறியது ‘ஏ’, ‘ஆன்’ இரண்டில்தான். ஒரு பயிற்சி மையத்துக்கு ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்று அடித்துக் கொடுத்தேன். ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ‘ஆன்’ என்று பள்ளியில் படித்ததை அப்படியே நம்பியிருந்தேன். அங்கே வந்த ஆசிரியை ஒருவர், “தம்பி, எழுத்தைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க” என்றார்.

அப்புறம்தான் நம் ‘ஒரு’, ‘ஓர்’ நினைவுக்கு வந்தது. ஒரு தெரு, ஓர் ஊர். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, இல்லாவிட்டால் ‘ஏ’. எம்.எல்.ஏ., எம்.டி.சி. பஸ் இரண்டும் ‘எ’வில் தொடங்குவதால் ‘ஆன்’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லுக்கும் ‘ஆன்’. யுனிவர்சிட்டி, யூ.பி.எஸ். இரண்டும் ‘ய’கர வரிசை, அதனால் ‘ஏ’.

சில இடங்களில் மட்டும் இது ஏமாற்றும். நாம் ‘ஒன்வே’ என்று எழுதுகிறோம், ஆங்கிலத்தில் அதன் ஒலி ‘வன்வே’. ஆகவே ‘ஏ ஒன்வே ஸ்ட்ரீட்’தான் சரி.