ஏரிக்கரை முகாமுக்கு மே மாதம் சரியா?

கேள்வி: அமெரிக்காவில் பையன்களுக்கு ஏரிக்கரையில் கோடை முகாம் நடத்துகிறார்களே, அது எப்படி வந்தது? எங்கள் சாரணர் பையன்கள் 24 பேரை மே விடுமுறையில் பாகூர் ஏரிக்கு அழைத்துப் போகலாமா?
- சாரண ஆசிரியர், கடலூர்

பதில்: முன்னோடி 1881-ல் எர்னஸ்ட் பால்ச் என்ற கல்லூரி மாணவர் நியூ ஹாம்ப்ஷயரில், ஸ்குவாம் ஏரித் தீவொன்றில் தொடங்கிய சொகோருவா முகாம். பணக்கார வீட்டுப் பையன்கள்தான். ஆனாலும் வேலையாள் கிடையாது. சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் அவர்களே. 1889-ல் அது நின்றுபோனது. 1885-ல் சம்னர் டட்லி ஏழு பையன்களோடு நியூயார்க் மாநில ஆரஞ்சு ஏரியில் தொடங்கிய முகாம், இடம் மாறி, இன்றும் சாம்ப்ளெயின் ஏரிக்கரையில் நடக்கிறது. (சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் 1907 பிரௌன்சீ முகாம் கடல் தீவில் நடந்தது, ஏரிக் கணக்கில் வராது.)

அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், அதனால் கோடை. நம் கதை வேறு. பாகூர் ஏரி ஐப்பசி, கார்த்திகை மழையிலும், சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்காலில் வரும் தண்ணீரிலும் நிரம்புவது. மே மாதம் போனால் வெயிலும் சேறும்தான் மிச்சம். தை பிறந்து ஒரு வார இறுதியில் போங்கள்.

தண்ணீரில் இறக்குவதுதான் கவலையான வேலை. ஏரியின் அடி சமமாக இருக்காது. மண் அள்ளிய பள்ளம் திடீரென ஆளை விழுங்கும். முதலில் நீச்சல் தெரிந்த பெரியவர் இருவர் இடுப்பில் கயிறு கட்டி, கழியால் குத்திப் பார்த்தபடி நடக்கட்டும். சரியான இடத்தில் நான்கு சவுக்குக் கழி நட்டு, கயிறு கட்டுங்கள். இருப்பதிலேயே குள்ளமான பையனுக்கு மார்பளவு, அதற்கு மேல் ஆழம் வேண்டாம். தை மாதம் பாசனத்துக்கு மதகு திறந்திருக்கும். தண்ணீர் உள்ளே இழுக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஒரே நேரத்தில் எட்டுப் பேர், இரண்டிரண்டாக. இறங்கும்போது ஒவ்வொருவனும் தன் பெயர் வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும், ஏறியதும் எடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில். ஜோடி கைகோத்து உயர்த்தணும். ஒரு கை குறைந்தாலும் எல்லோரும் கரையேற வேண்டும். காற்றடித்த லாரி டியூபும் 20 மீட்டர் கயிறும் கரையில் தயாராக இருக்கட்டும்.

கழிப்பிடக் குழியைத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொருவரும் போனதும் மண் தள்ளணும். ஏரிக்கரை மேல் கூடாரத்துக்கு முளை அடிக்காதீர்கள், கரை பலவீனமாகும். ஊசுட்டேரி பக்கம் என்று யோசித்தால், அது பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது.