பூங்கா உண்டியலும் பட்ஜெட் பேச்சும்: நியூயார்க் கேள்வி பதில்

ஜனவரி வந்தால் நியூயார்க் மாநில பட்ஜெட் பேச்சு தொடங்கிவிடும்; பூங்கா, சுற்றுச்சூழல் நிதி பற்றிக் கேள்விகளும் கூடவே வந்துவிடும். மாநிலத் தலைநகர் ஆல்பனி பக்கத்தில் ஒரு பூங்கா நண்பர்கள் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி என்று தனியாகவே ஒன்று இருக்கிறதே. பிறகு ஏன் வருடா வருடம் சண்டை?

1993-ல் சட்டம் போட்டு உருவாக்கிய நிதி அது. பணம் பெரும்பாலும் சொத்து மாற்று வரியிலிருந்து வருகிறது. ஐந்நூறு டாலருக்கு இரண்டு டாலர் வரி. 5 லட்சம் டாலருக்கு வீட்டை விற்றால் 2,000 டாலர். அப்படிச் சேரும் தொகையில் ஒரு பங்கு இந்த உண்டியலுக்குப் போகிறது. நிலம் வாங்க, பூங்காக்களைப் பழுது பார்க்க, விவசாய நிலத்தைக் காக்க, மறுசுழற்சிக்கு என்று பல வேலைகளுக்கு இதிலிருந்துதான் செலவு.

உண்டியலுக்குப் பூட்டு உண்டு. ஆனால் சாவி சட்டமன்றத்திடமும் ஆளுநரிடமும்தான் (நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை, இங்கே முதலமைச்சர் இடத்தில் இருப்பவர்) இருக்கிறது. 2000-களில் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் இதிலிருந்து கோடிக்கணக்கான டாலரைப் பொதுக்கணக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

2016-17-ல் 30 கோடி டாலர், 2022-23-ல் 40 கோடி. கூடிக்கொண்டுதானே போகிறது?

தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தம் அப்படியே இருக்கும், ஆனால் அதன் தலையில் புதுச் செலவு ஒன்றை ஏற்றிவிடுவார்கள். 2024 ஜனவரியில் ஆளுநர் கேத்தி ஹோக்குலின் முன்மொழிவில், ஊழியர் செலவுக்காக இந்த நிதியிலிருந்து 2.5 கோடி டாலர் எடுக்கும் யோசனை இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதில் ஆச்சரியமே இல்லை. ஊழியருக்குச் சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது பொதுக்கணக்கில் வர வேண்டிய செலவு என்பதுதான் வாதம். ஒரு முறை ஏறிய சம்பளம் இறங்காது, வளரத்தான் செய்யும். பூங்கா வேலை அந்த அளவுக்குச் சுருங்கும். அதனால் நான் முதலில் அட்டவணையைப் பார்ப்பதில்லை. மசோதாவின் வாசகத்தில் எங்கேயாவது ‘ஊழியர் செலவு’ நுழைந்திருக்கிறதா என்றுதான் தேடுவேன்.

2010-ல் பூங்காக்களை நிஜமாகவே மூடினார்களா?

மூடத்தான் செய்தார்கள். அந்தப் பிப்ரவரியில் ஆளுநர் டேவிட் பேட்டர்சன் அரசு வெளியிட்ட பட்டியலில் 41 பூங்காக்களும் 14 வரலாற்று இடங்களும் இருந்தன. எங்கள் தாச்சர் பூங்காவும் அதில் ஒன்று. ஹெல்டர்பெர்க் மலை விளிம்பில், கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும் இடம். வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கு மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். குளிரில் பேனா எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் பென்சில் பெட்டிதான் கைகொடுத்தது.

எனக்கு இன்னும் ஆறாதது அடுத்து நடந்ததுதான். இன்னும் சில பூங்காக்கள் தப்ப வேண்டுமானால் 50 லட்சம் டாலரைச் சுற்றுச்சூழல் நிதியிலிருந்து எடுக்கலாம் என்றார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை! கடைசியில் மே மாத நினைவு நாள் விடுமுறை நெருங்கும்போது 1.1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்துப் பூங்காக்களைத் திறந்தார்கள். 13,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பட்ஜெட்டில் இந்தத் தொகைக்குத்தான் இத்தனை பாடு.

எப்போது பேசினால் பலன்?

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கும். ஜனவரியில் ஆளுநர் பட்ஜெட்டை வைப்பார். மார்ச் நடுவில் சட்டமன்றத்தின் இரு அவைகளான செனட்டும் அசெம்பிளியும் தங்கள் தங்கள் பதில் பட்ஜெட்டை வெளியிடும். நம் கோரிக்கை அதில் ஏற வேண்டும். பிறகு ஆளுநரும் இரு அவைத் தலைவர்களும் அறைக்குள் போய்விட்டால் அங்கே நமக்கு நாற்காலி கிடையாது.

இன்னொன்று. ஆளுநர் எழுதிய ஒதுக்கீட்டு மசோதாவின் வாசகத்தைச் சட்டமன்றம் மாற்றி எழுத முடியாது என்று 2004-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ தீர்ப்புச் சொன்னது. ஒரு தொகையை நீக்கலாம், குறைக்கலாம், தனியாகப் புதிதாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஜனவரிக்கு முன்பே, இலையுதிர் காலத்திலேயே ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதுவது புத்திசாலித்தனம்.

சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்தால் என்ன சொல்வது?

‘இயற்கையைக் காப்போம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. பத்து நிமிடம்தான் கிடைக்கும். பெரும்பாலும் உதவியாளரைத்தான் பார்ப்பீர்கள். ஒருமுறை பூட்டிக் கிடந்த கழிவறையின் படத்தைக் கொண்டுபோனேன். கதவில் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் ‘குழாய் உடைந்துள்ளது’ என்று எழுதியிருந்தது; வெயிலில் எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. அதுவரை சும்மா தலையாட்டிக்கொண்டிருந்த பெண், “இது எங்கள் தொகுதியா?” என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார். தொகுதி, இடம், வேண்டிய தொகை. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

2022-ல் 420 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்களே, அது போதாதா?

அது கட்டுமானத்துக்கும் நிலத்துக்குமான கடன். கோடையில் நீச்சல் குளத்து உயிர்காப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க உதவாது.

நிரந்தரமாகப் பூட்ட வழியே இல்லையா?

டெக்சாஸைப் பாருங்கள். விளையாட்டுப் பொருள் விற்பனை வரியைப் பூங்காக்களுக்குத் தருவதாக 1993-லேயே சட்டம் வந்தது. ஆனால் சட்டமன்றம் பல வருடம் அதில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. 2019 நவம்பரில் அந்த வரியைப் பூங்காக்களுக்கே ஒதுக்கும் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. 88 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நியூயார்க்கில் சாசனத்தைத் திருத்த, அடுத்தடுத்து வரும் இரண்டு சட்டமன்றங்கள் ஒப்புக்கொண்டு, அதன்பின் மக்களும் வாக்களிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடமாவது பிடிக்கும். அதுவரை சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போகும் மார்ச் மாதப் பயணம் இருக்கத்தான் செய்யும். இந்த வருடம் எங்கள் வண்டியில் இரண்டு இடம் காலி. வருபவர்கள் கீழே எழுதுங்கள்.