"மேஸ்திரியைக் கேள்" என்று பில்டர் கைகழுவ முடியுமா?

கேள்வி: வயது 40, தண்டையார்பேட்டை. சென்ட்ரிங் வேலை, நாள்கூலி 1,000 ரூபாய். 2025 மார்ச்சில் பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கான்கிரீட்டுக்கு அடியில் அடித்த ஷீட்டைப் பிரிக்கும்போது, அதற்கு முட்டுக் கொடுத்த இரும்பு ஜாக்கி சரிந்து கீழே விழுந்தேன். வலது முட்டி உடைந்தது. இன்னும் குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. மேஸ்திரி 30,000 கொடுத்து, 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டார். பில்டரோ, "மேஸ்திரியைக் கேள்" என்கிறார்.

பதில்: பில்டரையே கேட்கலாம். கட்டடம் கட்டி விற்பதுதான் அவர் தொழில். அதில் சென்ட்ரிங்கை மட்டும் மேஸ்திரியிடம் விட்டாலும், 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அவரை விடாது. கொடுத்ததை அப்புறம் மேஸ்திரியிடம் வசூலிப்பது அவர்கள் கணக்கு. தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்பவர் என்றால் கதை வேறு. 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உங்கள் விபத்து அதற்கு முந்தையது, பழைய சட்டம்தான்.

எழுதிக் கொடுத்ததற்குப் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்து 17ஆவது பிரிவின்படி செல்லாது. 30,000 வாங்கியதை மட்டும் மனுவில் மறைக்காதீர்கள்.

என் கவலை வேறு. உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மேஸ்திரியா? அப்படியென்றால் 'வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார்' என்று சொல்லியிருப்பார். இந்தப் படியை நான் பல கேஸில் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு ஓட்டு வீடு, படியே கிடையாது. முதலில் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கிப் படியுங்கள். தப்பாக இருந்தால், அன்று கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். மேஸ்திரி கூலியை ஜிபேயில் போட்டிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள்.

தொகையா? சட்டம் மாதச் சம்பளத்தை 15,000க்கு மேல் கணக்கில் எடுக்காது. அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள காரணி 184.17. பெருக்கினால் 16,57,530; இது சம்பாதிக்கும் திறன் முழுதும் போனவருக்கு. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனது என்று டாக்டர் சான்று கொடுத்தால் 3,31,506 ரூபாய். வைத்தியச் செலவும் 12 சதவீத வட்டியும் தனி. முட்டி மடங்காமல் ஸ்லாப்புக்கு அடியில் வேலை ஓடாது என்பதை டாக்டருக்கு விளக்குங்கள். ஜாக்கி என்றால் அவருக்குக் கார் ஜாக்கிதான் தெரியும்.

கெடு 2 வருடம், அதாவது 2027 மார்ச். மனுவைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துணை ஆணையரிடம் கொடுக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அங்கேயே இறங்கலாம். அந்தக் காலோடு பஸ்ஸில் தொங்க வேண்டாம்.